தறிக்குழியும் இடுப்புக் குளியலும்

சித்தப்பா பதினான்கு வயதில் குழித்தறியில் இறங்கியவர். கலசப்பாக்கத்திலிருந்து போளூர் வழியாக ஆரணி வரைக்கும் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டுத் தறியை நம்பி இருந்தவர்கள்தான். கால் குழிக்குள் மிதிகட்டையில் இருக்கும், இடுப்பு முன்னால் வளைந்திருக்கும், கண் ஜரிகையை விட்டு அகலாது. காலையில் டீ, பதினொரு மணிக்கு டீ, மதியம் ஒரு தட்டுச் சோறு, சாயங்காலம் மறுபடியும் டீ. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ராத்திரியும் தறிச் சத்தம் கேட்கும். இப்படி நாற்பது வருடம் ஓடிய உடம்புக்கு என்னவெல்லாம் வரும் என்று சொல்ல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. முதுகு வலி, மலச்சிக்கல், ஐம்பதுக்குள் சர்க்கரை.

இயற்கை மருத்துவம் அவருக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். முதுகு வலிக்காக ஓர் அரசு மருத்துவமனையில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒரு டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தறியை விட்டு எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது தூக்கம். பிறகு வயிற்றுக்கு ஈர மண் பட்டி, இடுப்புக் குளியல், இரண்டு ஆசனங்கள். டீயை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை குழியை விட்டு ஏறி நாலு நடை நடந்துவிட்டு உட்காரச் சொன்னார். மூன்று மாதத்தில் மலச்சிக்கல் போயிற்று, முதுகு வலி பாதியானது. “இத்தன வயசுல என்னை ஒக்கார வெச்சி இவ்ளோ நேரம் எந்த டாக்டரும் கேட்டதில்லப்பா” என்றார் சித்தப்பா. வலி குறைந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

கெடுதல் அடுத்த வருடம் நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை வாழ்வியல் முகாம் போட்டார்கள். மேடையில் பேசியவர் எந்த மருத்துவப் பட்டமும் படித்தவரல்லர். மாத்திரை என்பதே நஞ்சு, சர்க்கரை ஒரு நோயே இல்லை, கழிவு வெளியேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சித்தப்பா மாத்திரையை நிறுத்தினார். மிதிகட்டையில் உரசிய ஒரு சின்னக் காயம் ஆறவே இல்லை. ஏழாவது மாதம் கால் பெருவிரலை எடுக்க வேண்டிவந்தது.

இரண்டும் ஒரே பெயரில் நடந்தவை. இந்தத் துறையை எடைபோடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்றுதான் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

இயற்கை மருத்துவத்தை நம்மில் பலர் பாட்டி வைத்தியத்தின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. இடுப்புக் குளியலைப் பரப்பிய லூயி கூனே லைப்சிக் நகரத்தில் மரவேலை செய்துகொண்டிருந்தவர். 1883இல் அங்கே தன் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். எல்லா நோயும் ஒன்றே, உடம்பில் தேங்கும் கழிவே அதன் காரணம், கழிவை வெளியேற்றுவதே ஒரே சிகிச்சை என்பது அவர் கொள்கை. அதற்கு முந்தைய வருடம்தான் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். கிருமி தெரிந்துவிட்டது, அதைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை. வைத்தியர்கள் பாதரசம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் மருந்தே வேண்டாம், தண்ணீரும் பட்டினியும் போதும் என்று சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைய நிலையில் அது அறிவுள்ள பேச்சு. பென்சிலினும் இன்சுலினும் வந்த பிறகும் அதே பேச்சைப் பேசுவதுதான் தவறு.

கூனேயின் நூல் காந்தியடிகளைத் தொட்டது. தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனையை வளர்த்தவர்களில் கே. லட்சுமண சர்மா முக்கியமானவர். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் அவரை வேறு விதமாக அறிவார்கள். ரமண மகரிஷியின் அருகிலிருந்து கற்றவர், ‘யார்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் புனைபெயராக வைத்து ‘மகா யோகா’ எழுதியவர். அதே மனிதர்தான் புதுக்கோட்டை கணேஷ் நகரிலிருந்து இயற்கை மருத்துவ நூலும் ‘தி லைஃப் நேச்சுரல்’ என்ற பத்திரிகையும் வெளிவரக் காரணமானவர். ஆன்மிகமும் வைத்தியமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது தற்செயலல்ல. பட்டினியும் கட்டுப்பாடும் தவமாகத் தெரிந்த மண்ணில் ஜெர்மானியக் கொள்கை சுலபமாக வேர்விட்டது. ஆனால் அந்தக் கலப்பால் ஒரு கெடுதலும் சேர்ந்தே வந்தது. நோய் வந்தவன் ஒழுக்கம் தவறியவன் என்ற எண்ணம் இந்த வைத்தியத்தின் பேச்சில் இன்னும் ஒளிந்திருக்கிறது. மண்டபத்தில் சித்தப்பாவின் தலையைக் குனிய வைத்தது அந்த எண்ணம்தான்.

தொழில் என்ற முறையில் இது வளர்ந்தது மிகச் சமீபத்தில். பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு 1989இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கியது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி 2000இல் வந்தது. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் எல்லாம் உண்டு. அதோடு நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உண்ணாநோன்பு, உணவியல், யோகா, அக்குபஞ்சர். பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழும். ஒரு தேர்வில் நூறு கிருமிகளின் பெயரை எழுதுகிற மாணவி, இன்னொரு தேர்வில் எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே என்று எழுத வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை அந்த இருபது வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

அரசும் இவர்களை அரைகுறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயுஷ் என்ற பெயரில் இவர்களுக்கு இடம் உண்டு. 1978 முதல் ஆராய்ச்சிக்கு மத்தியக் குழுமம் உண்டு. ஆனால் ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கு 1970இலேயே வந்த மத்தியச் சட்டப் பாதுகாப்பு இவர்களுக்கு வரவில்லை. 2020இல் இந்திய மருத்துவ முறைகளுக்குத் தேசிய ஆணையம் அமைத்த சட்டம் திபெத்திய மருத்துவத்தைச் சேர்த்துக்கொண்டது, இயற்கை மருத்துவத்தைச் சேர்க்கவில்லை. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது ஐந்தரை வருடம் படித்தவர்தான். அவரும் பத்து நாள் சான்றிதழ் வகுப்பு போய்வந்தவரும் ஊர்க்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம் ஆசிரியை இறந்தார். அதற்கும் கல்லூரியில் படித்து வந்த மருத்துவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அவப்பெயர் ‘இயற்கை’ என்ற சொல்லின் மேல் விழுந்தது.

இந்த மருத்துவத்தின் உண்மையான பலத்துக்குச் சான்று எங்கே இருக்கிறது? சென்னையிலேயே இருக்கிறது, அதை நிறுவியவர்கள் ஆங்கில மருத்துவர்கள். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். எதுவும் மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5 சதவீதம். அதாவது நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. இயற்கை மருத்துவர்கள் இந்த ஆய்வைத் தங்கள் சுவரில் மாட்டிவைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த ஆய்வு எப்படி நடந்ததோ அப்படியே மண் பட்டியையும், எனிமாவையும், வாழையிலைக் குளியலையும் சோதிக்க அவர்கள் சம்மதிக்க வேண்டும். சிலது நிற்கும், சிலது விழும். விழுவதைக் கைவிடும் துணிவு வந்தால்தான் இது மருத்துவமாகும்.

புற்றுநோய் போன்றவற்றில் பேரம் பேச இடமே இல்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய புற்றுநோயாளிகள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று காட்டியது.

காந்தி இந்த விஷயத்தில் தன் சீடர்களைவிடத் தெளிவாக நடந்துகொண்டார். 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது புனே சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் படுத்தார். 1944இல் மலேரியா வந்தபோது கடைசியில் கொயினா எடுத்துக்கொண்டார். இரண்டிலும் அவருக்கு மன வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அதே மனிதர்தான் ஏழைகளுக்கான இயற்கை மருத்துவமனையைப் புனே நகரத்தில் வைக்க நினைத்தது பிழை என்று உணர்ந்து, 1946இல் உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போனார். ஏழை நகரத்துக்கு வரமாட்டான், வைத்தியம்தான் அவனிடம் போக வேண்டும் என்றார். இன்று இயற்கை மருத்துவம் என்று தேடினால் மலைமேல் சொகுசு விடுதிகளும் நாள் வாடகையும் வருகின்றன. பத்து நாள் பட்டினி கிடக்க ஒரு நெசவாளி ஒரு சேலைக் கூலியைக் கொடுத்தாலும் போதாது.

அவனுக்கு விடுதி எதற்கு? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம் அது. மாத்திரையோடு கூட வர வேண்டியது, தறி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை டீ என்று கேட்கிற ஒரு ஆள். நம் மருத்துவத்தில் அதற்கு நேரம் வைத்திருப்பவர் இயற்கை மருத்துவர் மட்டும்தான். மண்ணையும் தண்ணீரையும்விட அந்த நேரத்தைத்தான் நான் அவருடைய மருந்தாக எண்ணுகிறேன்.

விரலை எடுத்த பிறகு சித்தப்பாவை மறுபடியும் அதே பெண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் கட்டைப் பார்த்தார், சத்தம் போடவில்லை. சித்தப்பாவுக்குத்தான் கூச்சம். “டாக்டரம்மா, மாத்திரைய இனிமே எப்பதான் நிறுத்தலாம்?” என்றார். “அதை நான் சொல்லக் கூடாதுங்க ஐயா, சர்க்கரை டாக்டர் சொல்லணும்” என்றவர், கண் பரிசோதனைக்கும் கால் நரம்புப் பரிசோதனைக்கும் இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போது ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார்.