ஒரு வார ஜமீன்தார்

கரீபியன் தீவுகளில் வில்லா வாடகைக்கு எடுத்துத் தங்குவதை ஒரு தனி இலக்கிய வகையாகவே கொள்ளலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நடை உண்டு, கதாபாத்திரங்கள் உண்டு, ஆரம்பம், நடு, முடிவு உண்டு. பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை 'சுபம்' போட்டுவிடுவார்கள். சினிமாவையும் நாவலையும் கிழித்துத் தோரணம் கட்டுகிற நாம், இதை மட்டும் ஏன் விமர்சனம் செய்யாமல் விட வேண்டும்?

முதலில் கதைச்சுருக்கம்.

நியூஜெர்ஸியில் ஜனவரி மாதம். வெளியே முழங்கால் அளவு பனி. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, இன்டர்நெட்டில் போட்டோ பார்த்து, ஜமைக்காவில் நாலு படுக்கையறை வில்லா ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுக்கிறார்கள். நீச்சல்குளம், எதிரே கடல், வேலிக்குப் போகன்வில்லா. வாசலில் சமையல்காரம்மா, வீட்டைப் பெருக்கித் துடைக்க ஒருவர், தோட்டக்காரர், ராத்திரிக்கு வாட்ச்மேன். எடிசனில் தன் பாத்திரத்தைத் தானே கழுவும் ஆசாமி, இங்கே இறங்கிய அரை மணியில் ஜமீன்தார் ஆகிவிடுகிறார்.

போட்டோவில் இருப்பது பெரும்பாலும் உண்மைதான். கடல் நிஜமாகவே அந்த நீலம். போட்டோவில் வராத சங்கதிகள்தான் சுவாரஸ்யம். சாயங்காலம் ஆனதும் மரத்தவளைகள் கச்சேரியை ஆரம்பிக்கும். ஆள் கட்டைவிரல் நக அளவுதான். சத்தம் காதைத் துளைக்கும். கண்ணுக்கே தெரியாத மணல் ஈக்கள் கணுக்காலைப் பதம் பார்க்கும். பல தீவுகளில் கரன்ட் விலை அதிகம், ஏ.சி. படுக்கையறையில் மட்டும். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான் மாதிரி இடங்களில் கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேமித்துப் புழங்குகிறார்கள். தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொல்லி பாத்ரூமிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். சுற்றிலும் சமுத்திரம், ஃப்ளஷ் பண்ணக் கணக்கு! அந்தத் தீவுகளில் காரை இடது பக்கம் ஓட்ட வேண்டும். ஆனால் கார் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஸ்டியரிங்கும் இடது பக்கமே. முதல் இரண்டு நாள் சாமியை வேண்டிக்கொண்டுதான் வளைவுகளில் திரும்புவீர்கள்.

மேஜை மேல் ஒரு ஃபைல் இருக்கும், வீட்டு விதிமுறைகள். கடற்கரையில் மான்சினீல் என்றொரு மரம். பார்க்கச் சின்ன ஆப்பிள் மாதிரி பழம், கடித்தால் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே பால் பட்டுத் தோல் கொப்பளிக்கும். எச்சரிக்கையாக அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். சொர்க்கத்திலும் தொடக்கூடாத பழம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இந்த இலக்கிய வகையின் மூலப்பிரதி எது என்று கேட்டால், ஜமைக்காவின் வடகரையில் ஒரகபெஸ்ஸா என்ற ஊரில் இருக்கும் 'கோல்டன்ஐ' வீட்டைச் சொல்வேன். அயன் ஃபிளெமிங் 1946-ல் நிலம் வாங்கிக் கட்டியது. லண்டனில் பத்திரிகை வேலை; வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு, அதுவும் குளிர்காலத்தில். 1952-ல் அங்கே உட்கார்ந்து, காலையில் சில மணி நேரம் டைப்ரைட்டரைத் தட்டி எழுதியதுதான் 'கஸினோ ராயல்'. தொடர்ந்து ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் எல்லாமே அங்கேதான் பிறந்தன. ஹீரோவின் பெயரைக்கூட மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றி எழுதிய அமெரிக்க நிபுணர் ஒருவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் முக்கியமான வாடகைக்காரர் நாடக ஆசிரியர் நோயல் கவர்ட். 1948-ல் எடுத்தார். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரச்சட்டம்தான். கட்டில் கட்டாந்தரை மாதிரி. வீட்டின் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, கண்-மூக்கு-தொண்டை ஆஸ்பத்திரி என்று பெயரை நீட்டிக் கிண்டல் செய்தார். திட்டிவிட்டு என்ன செய்தார்? அதே கரையில் கொஞ்சம் தள்ளி இடம் வாங்கிச் சொந்த வீடு கட்டிக்கொண்டார்! வில்லா வாடகையின் விதியே இதுதான். போன மனுஷன் குறை சொல்வான். அப்புறம் விட்டு வரமாட்டான்.

1956 நவம்பரில் இன்னொரு விருந்தாளி. பிரிட்டிஷ் பிரதமர் அந்தோணி ஈடன். சூயஸ் கால்வாய் விவகாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, உடம்பும் கெட்டு, டாக்டர் சொன்னார் என்று சுமார் மூன்று வாரம் கோல்டன்ஐயில் ஓய்வெடுத்தார். பெட்ரோல் ரேஷனை எதிர்நோக்கியிருந்த ஜனங்களுக்கு, தங்கள் பிரதமர் ஜமைக்காவில் வெயில் காய்கிறார் என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்! திரும்பி வந்தவர் 1957 ஜனவரியில் ராஜினாமா. அந்த வீட்டின் விளம்பரத்துக்கோ சேதாரம் இல்லை. இன்றைக்கு கோல்டன்ஐ ஆடம்பர விடுதி. ஃபிளெமிங்கின் படுக்கையறையில் நீங்களும் படுக்கலாம், பர்ஸ் இடம் கொடுத்தால்.

ராஜகுடும்பமும் இதற்கு விலக்கல்ல. செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த மஸ்டிக் என்ற குட்டித் தீவை 1958-ல் காலின் டெனன்ட் என்ற பிரபு 45,000 பவுண்டுக்கு முழுசாக வாங்கினார். இளவரசி மார்கரெட்டின் கல்யாணத்துக்கு அதில் 10 ஏக்கர் மொய். பாத்திரம் பண்டம் கொடுப்பது மாதிரி தீவில் ஒரு துண்டு! அங்கே இளவரசி கட்டிக்கொண்ட வீடு பிற்பாடு கைமாறி, இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. அதாவது நீங்கள் வாடகை கொடுப்பது வீட்டுக்கு இல்லை. அந்த அந்தஸ்துக்கு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வில்லாவில் ஓட்டலைவிட உசத்தியான ஒரே விஷயம் சமையலறை. சமையல்காரம்மாவிடம் மளிகைக்குப் பணம் கொடுத்தால் மார்க்கெட் போய் வாங்கி, பில்லோடு வருவார். ஜமைக்காவின் தேசிய உணவு அக்கியும் உப்பு மீனும். அக்கி என்பது லிச்சிக்கும் பூந்திக்கொட்டைக்கும் உறவான பழம். தானாக வாய் பிளப்பதற்கு முன் பறித்தால் விஷம். சமைத்தால் பார்வைக்கு முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும்.

அந்தத் தட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அக்கி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் வந்தது. காட் மீன் கருவாடு கனடா பக்கத்துக் குளிர்கடல் சரக்கு. தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகப் போட வந்தது. பக்கத்தில் வறுத்த சீமைப்பலா. அதுவும் அடிமைகளுக்குக் குறைந்த செலவில் வயிறு நிரப்ப, டஹிடியிலிருந்து கேப்டன் ப்ளை 1793-ல் கொண்டுவந்த செடி. ராத்திரிக்கு ஆட்டுக்கறி கறி. அடிமை முறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட 1845 முதல் கப்பல் கப்பலாக வந்த இந்தியக் கூலிகளின் கைமணம் அது. 'உள்ளூர்ச் சாப்பாடு' என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறோம். தட்டில் ஒன்றுகூட உள்ளூர் இல்லை. எல்லாமே கப்பலில், பெரும்பாலும் யாருடைய சம்மதமும் இல்லாமல் வந்தவை. அந்த அம்மாவின் முன்னோர்கள் உட்பட.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்காது. வாரத்துக்கு 6,000 டாலர் வாடகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை சீஸன் ரேட். மழைக்காலத்தில் வெகுவாகக் குறையும். அதற்கு மேல் வரி, மளிகை, கார் வாடகை, உடைத்தால் பிடித்துக்கொள்ள டெபாசிட். ஊழியர்களுக்கு டிப்ஸ் பத்து முதல் பதினைந்து சதவிகிதம் என்பது அங்கே வழக்கம். ஆறு பெரியவர்கள் பிரித்துக்கொண்டால் நல்ல ஓட்டலைவிட மலிவுதான்.

ஆனால் இந்தப் பணம் எங்கே போகிறது என்று அடுத்த பக்கமும் எழுத வேண்டும் அல்லவா? பல வில்லாக்களுக்கு உரிமையாளர் டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கிறார். முன்பதிவுக் கமிஷன் கலிஃபோர்னியாவுக்கு. விமான டிக்கெட் விமானக் கம்பெனிக்கு. சுற்றுலாப் பொருளாதாரத்தில் இதற்குக் 'கசிவு' என்று பெயர். தீவில் தங்குவது சம்பளம், மார்க்கெட் செலவு, வரி, டிப்ஸ். இந்த வகையில், எல்லாம் அடக்கம் என்று கையில் பட்டை கட்டி, காம்பவுண்டுக்குள்ளேயே உட்காரவைக்கும் ஓட்டல்களைவிட வில்லா தேவலை. குறைந்தபட்சம் உங்கள் தக்காளிக் காசாவது மார்க்கெட் கிழவிக்குப் போய்ச் சேர்கிறது.

இந்த வகை இலக்கியத்துக்கு எழுதப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம் 1988-ல் வந்த 'எ ஸ்மால் ப்ளேஸ்'. எழுதியவர் ஜமைக்கா கின்கெய்ட். பெயர்தான் ஜமைக்கா, ஊர் ஆன்டிகுவா. எண்பது பக்கத்துச் சின்னப் புத்தகம். வாசகனை 'நீ' என்று விளித்து, விமானத்திலிருந்து இறங்கும் டூரிஸ்ட்டாகவே அவனை ஆக்கிவிடுகிறார். நீ குளிக்கிற தண்ணீரும் கழிவும் எங்கே போகின்றன என்று யோசித்தாயா, ஒருவேளை நீ நீந்தப் போகும் அதே கடலுக்கா என்று கேட்கிறார். நீ ரசித்துச் சாப்பிடும் சாப்பாடு மயாமியிலிருந்து பிளேனில் வந்தது என்கிறார். 1974 பூகம்பத்தில் உடைந்த நூலகம் பழுது பார்க்கப்படாமல் கிடப்பதைக் காட்டுகிறார். வெள்ளைக்காரனை மட்டும் அல்ல, சுதந்திரத்துக்குப் பின் வந்த சொந்த ஊர் அரசியல்வாதிகளையும் விட்டுவைக்கவில்லை.

அவருடைய மையமான வாதம் இதுதான். எல்லா ஊர்க்காரனுக்கும் தன் ஊர் அலுத்துப்போகும், எங்காவது போய்வரத் தோன்றும். ஆனால் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு வசதி கிடையாது. அவர்கள் இடத்தை விட்டு நகர முடியாமல் இருப்பதையே நீ வந்து வேடிக்கை பார்க்கிறாய் என்கிறார். இதைச் சொல்ல அவருக்கு அருகதை உண்டு. பதினாறு வயதில் நியூயார்க் பக்கம் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பப்பட்டவர். வில்லாவின் சமையலறை வாசல் எப்படி இருக்கும் என்று உள்ளேயிருந்து தெரிந்தவர்.

புத்தகத்தில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அந்தக் கோபத்தில் சமையல்காரம்மாவுக்கு இடமில்லை. தன் கைப்பக்குவத்தில் கர்வம் கொண்டவர், அந்தச் சம்பளத்தில் பெண்ணை நர்ஸிங் படிக்கவைப்பவர், விருந்தாளிகளைப் பற்றி ராத்திரி வீட்டில் போய் மிமிக்ரி செய்து சிரிப்பவர் என்றெல்லாம் ஒரு மனுஷி அங்கே இருக்கக்கூடும். கின்கெய்டின் ஊர்க்காரர்கள் பாவப்பட்டவர்களாக மட்டுமே நிற்கிறார்கள்.

இரண்டாவது குறை நமக்குத்தான் முக்கியம். அவருடைய 'நீ' வெள்ளைக்காரன். வட அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருபவன். எடிசனிலிருந்து போகும் நம் மூன்று குடும்பங்கள்? கரும்பு வெட்டக் கப்பலேறியவர்களின் நாட்டிலிருந்து வந்தவர்கள், இப்போது பங்களாவின் வராந்தாவில் உட்கார்ந்து ரம் பஞ்ச் கேட்கிறார்கள். 'நாங்களும் அடிமைப்பட்டவர்கள்தானே, இந்தத் திட்டு எங்களுக்கில்லை' என்று தப்பிக்கலாமா? தப்பிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஜமீன் நாற்காலிக்குத் தோல் நிறம் தெரியாது. யார் உட்கார்ந்தாலும் அதே அதட்டல் குரலைக் கொடுத்துவிடும்.

அந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கும் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்படோஸிலும் ஆன்டிகுவாவிலும் கடற்கரை எல்லோருக்கும் பொது. ஜமைக்காவில் 1956-ல், அதாவது ஈடன் வந்து வெயில் காய்ந்த அதே வருஷம், ஆங்கிலேயர் காலத்தில் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அதன்படி கரையோரத்தின் உரிமை அரசிடம். பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது. 1962-ல் சுதந்திரம் வந்தது. சட்டம் அப்படியே நின்றது. கடற்கரை உரிமைக்காக அங்கே இயக்கம் நடத்துகிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். விளம்பரத்தில் 'தனிக் கடற்கரை' என்று கொட்டை எழுத்தில் வரும் இரண்டு வார்த்தைக்குப் பின்னால், அப்பா நீச்சல் கற்றுக்கொண்ட இடத்தில் மகன் கால் வைக்க முடியாத கதை இருக்கலாம்.

அப்புறம் புயல். ஜூன் முதல் நவம்பர் வரை சீஸன். 2025 அக்டோபர் 28 அன்று மெலிஸா என்ற ஐந்தாம் வகைப் புயல் ஜமைக்காவின் தென்மேற்கில் கரையேறித் துவம்சம் செய்தது. இது மாதிரி சமயத்தில் வாடகைக்காரர் ரிசர்வேஷனை ரத்து செய்வார். உரிமையாளர் இன்ஷூரன்ஸைக் கேட்பார். தகரக் கூரை பறந்துபோன வாட்ச்மேனுக்கு வீடும் போச்சு, சீஸன் டிப்ஸும் போச்சு. ஆகவே, புயலுக்குப் பின் கடைகண்ணி திறந்து, வாருங்கள் என்று அவர்களே கூப்பிடும்போது போவதுதான் உதவி. வீட்டில் உட்கார்ந்து வருத்தப்படுவதால் யாருக்கும் சம்பளம் வராது.

ஆக, தீர்ப்பு? போகாதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. நல்ல கடல், நல்ல சாப்பாடு, குழந்தைகள் ஒரு வாரம் டி.வி.யை மறக்கும். போவதற்குமுன் அந்த எண்பது பக்கத்தைப் படித்துவிடுங்கள், விமானத்திலேயே முடிந்துவிடும். மார்க்கெட்டுக்கு ஒரு நாள் சமையல்காரம்மாவோடு நீங்களும் போங்கள். கடற்கரைக்கு ஊர்ப் பையன்கள் வந்தால் வாட்ச்மேனைக் கூப்பிடாதீர்கள்.

டிப்ஸை ஏஜென்டிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நகராமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனி கவரில், பெயர் எழுதிக் கையில் கொடுங்கள். பெயர் எழுத வேண்டுமென்றால் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை சனிக்கிழமை கிளம்பும்போது கேட்காமல், வந்து இறங்கிய சனிக்கிழமையே கேட்டுவிடுவது நல்லது.