இணையாட்டம்: சில பாணிகளும் ஒரு பெருவிரலும்

"அங்கிள், பெருவிரலை எடுங்க" என்று அந்தச் சீனப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளைச் சுற்றவிடக் கையை உயர்த்துகிறேன். அதே நேரம் என் பெருவிரல் அவள் புறங்கையைக் கிட்டிபோட்டதுபோல் அழுத்திக்கொண்டிருக்கிறது. திரும்பு என்று சொல்லிக்கொண்டே திரும்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். பிறகு அவள் மணிக்கட்டு என்ன ஆகும்?

கோலாலம்பூரில் ஒரு ஸ்விங் நடன வகுப்பு அது. சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி ஏறி, என் மனைவியும் நானும் எட்டு வாரம் போய்வந்தோம். போகலாம் என்றது அவள், பின்தங்கியது நான். இருவரும் சேர்ந்து போனால் இருவரும் சேர்ந்தே ஆடலாம் என்றிருந்தேன். அங்கே வழக்கம் வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் கைதட்டுவார், ஒரு வரிசை நகரும், புது ஆள் எதிரே வந்து நிற்பார். ஒரு பெயர், ஒரு சிரிப்பு, அதற்குள் பாட்டு தொடங்கிவிடும்.

இந்த மலருக்கு ஆடற்கலை பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பரதமும் ஒடிசியும் நன்றாகவே வேரோடியிருக்கின்றன. 1981இல் தொடங்கி இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பற்றியும், 1983இல் ராம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா பற்றியும் எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு எது தரம், அதை யார் எப்படி வகுத்தார்கள் என்பதை நம்மவர்கள் அதிகம் பேசியதில்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

ஸ்விங்கின் முதல் பாடம் கேட்க எளிது. ஒரு காலைப் பின்னால் வைத்து, உடனே எடையை முன்காலுக்கு மாற்ற வேண்டும்; இது இரண்டு எண்ணிக்கை. பிறகு ஒரு பக்கம் மூன்று குறுநடை, மறுபக்கம் மூன்று குறுநடை. ஒவ்வொரு மூன்றுக்கும் இரண்டு எண்ணிக்கை. மொத்தம் ஆறு. அந்த மூன்று குறுநடைகளும் சம அளவு அல்ல. நடு அடி மட்டும் கடைசி நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். ஸ்விங் தாளத்தின் உயிரே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது: ஓர் எண்ணிக்கையைப் பாதியாகப் பிரிக்காமல் மூன்று பங்காக வைத்து, முதல் அடிக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. திஸ்ர நடை பழகிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கிவிட்டுச் சொன்னால் போதும், கால் தானே போகும். பாட்டின் வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு மழுங்கிவிடும் என்பதும் பழகியவர்களுக்குத் தெரியும்.

கணக்கு இன்னும் சுவையானது. பாட்டு நான்கு எண்ணிக்கைக் கட்டில் ஓடுகிறது, நாம் ஆறில் ஆடுகிறோம். நம் முதலடியும் பாட்டின் முதலடியும் பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் சந்திக்கும். பன்னிரண்டு கட்டு ப்ளூஸ் பாட்டில் ஒரு சுற்றுக்கு 48 எண்ணிக்கை. அதில் ஆறெண்ணிக்கை அடவு எட்டு முறை அடங்கும், எட்டெண்ணிக்கை அடவு ஆறு முறை அடங்கும்; இரண்டுமே சமத்தில் வந்து நிற்கும். 32 கட்டுப் பாட்டில் 128 எண்ணிக்கை. எட்டால் வகுபடும், ஆறால் வகுபடாது. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆறையும் எட்டையும் கலந்து போட்டுக் கணக்குத் தீர்க்கிறார்கள், மிருதங்கக்காரர் மோராவுக்கு இடம் பார்த்து வைப்பதுபோல. பள்ளியில் கணிதம் சொல்லித்தரும் என் மனைவிக்கு இந்த இடத்தில்தான் ஆட்டம் பிடித்துப்போனது. எனக்குக் கணக்கு புரிந்தது, கால் புரியவில்லை.

சுற்றுக்கு வருகிறேன். நடத்துபவரை லீட் என்பார்கள், தொடர்பவரை ஃபாலோ என்பார்கள். லீடின் இடக்கை, ஃபாலோவின் வலக்கை. அந்தக் கையின்கீழ் ஃபாலோ வலப்பக்கமாகத் திரும்பினால் வெளிச்சுற்று. கை அவர் முகத்தைக் கடந்து உள்ளே போய் இடப்பக்கமாகத் திரும்பினால் உட்சுற்று. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: செய்தி சுற்றுக்கு முன்னால் போய்ச்சேர வேண்டும். முதல் இரண்டு எண்ணிக்கையிலேயே கை கிளம்பிவிட்டால் மூன்றில் அவர் நடக்கிறார், நான்கில் பாதி திரும்பியிருக்கிறார். மூன்றில் கிளம்பும் கை அவரை இழுக்கத்தான் செய்யும். உயர்ந்த கை தலைக்கு மேல் சிறிய வட்டம் வரைந்தால் போதும். மாவாட்டுவதுபோல் சுழற்றக் கூடாது. விரல்கள் கொக்கிபோல் மடங்கி அவர் விரல்களைக் கீழிருந்து தாங்க, பெருவிரல் வேலையில்லாமல் இருக்க வேண்டும். நாற்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெருவிரல் அவ்வளவு லேசில் ஓய்வுபெற மாட்டேன் என்கிறது.

இந்த ஆட்டத்தின் பிறப்பிடம் நியூயார்க் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த சவாய் பால்ரூம். 1926 மார்ச் 12 அன்று திறந்தார்கள், 1958இல் மூடினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடக்கூடிய அரங்குகள் அமெரிக்காவில் அரிதாக இருந்த காலம். சவாய் அப்படிப்பட்ட அரங்கு. இரண்டு இசைமேடைகள் இருந்ததால் ஒரு குழு முடித்ததும் அடுத்த குழு எடுத்துக்கொள்ளும், தளம் ஆறாது. 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு ஆட்டம் லிண்டி ஹாப் ஆயிற்று. பெயர் வைத்தவர் ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன் என்பார்கள். அரங்குக்குப் பின்தெருவில் குடியிருந்த நார்மா மில்லர் என்ற சிறுமி ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் உலகம் சுற்றியவள், 2019 வரை வாழ்ந்தாள்.

சவாய் பாணியின் பெருமை என்றால் எல்லாரும் பெண்ணைத் தூக்கி வீசும் சாகசத்தைச் சொல்வார்கள். 1935இல் ஒரு போட்டியில் ஃபிராங்கி மேனிங்கும் ஃபிரீடா வாஷிங்டனும் முதல்முறை அதைச் செய்துகாட்டினார்கள்; அதற்கு முன் மெத்தை விரித்து ஒத்திகை பார்த்தார்கள். 1941இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் மேனிங்கின் குழு ஆடும் சில நிமிடங்கள் இன்றும் மூச்சை நிறுத்துகின்றன. இருந்தாலும், எனக்கு சவாய் பாணியை முதலிடத்தில் வைக்கத் தோன்றுவது வேறு காரணத்துக்காக. இருவரும் கை கோர்த்தபடியே எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, நடுவில் கிணற்றுக் கயிறுபோல் ஒரு விறைப்பை வைத்துக்கொள்கிறார்கள். செய்தி அந்தக் கயிற்றில் ஓடுகிறது. யாரும் யாரையும் தள்ளுவதில்லை.

மேற்குக் கரையில் நிலைமை வேறு. 1930களின் நடுவில் டீன் காலின்ஸ் இந்த ஆட்டத்தை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனார். அங்கே உடம்பு நிமிர்ந்தது, ஆட்டம் வழவழப்பானது, சுழன்று திரிந்த இணை ஒரு நேர்கோட்டில் போய்வரத் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் 1988இல் கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வ மாநில நடனமாயிற்று. அதே கரையில் நெரிசலான அரங்குகளில் பல்போவா பிறந்தது: மார்போடு மார்பு சேர்த்துப் பிடித்து, தரையை விட்டுக் கால் எழாமல், மிகச் சிறிய அடிகளில் மிக வேகமான பாட்டுக்கு ஆடுவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

மூன்றாவது, கடைக்காரர்களின் பாணி. ஆர்தர் மரே என்பவர் காகிதத்தில் கால்தடம் அச்சிட்டுத் தபாலில் நடனம் விற்றவர். பிறகு ஊரூராக நடனப் பள்ளிகள் திறந்தார். இத்தகைய பள்ளிகள் லிண்டியின் எட்டெண்ணிக்கையை ஓரங்கட்டி, ஆறெண்ணிக்கையை நிலைநிறுத்தி, எவரும் ஒரு மாலையில் கற்கக்கூடியதாக ஆக்கின. ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்பது அதுதான். நான் கற்ற முதல் பாடமும் அதுதான் என்பதால் குறைசொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதை ஆங்கிலேய ஆசிரியர்கள் ஜைவ் என்று செதுக்கி, சாச்சா, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே வரிசையில் ஐந்தாவதாக உட்காரவைத்தார்கள். தேர்வு உண்டு, பதக்கம் உண்டு, கால் எப்படி வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. சென்னைப் பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்களில் ஆங்கிலோ இந்தியர் ஆடியது இந்த ஜைவ் குடும்பத்து ஆட்டந்தான், தேர்வும் பதக்கமும் இல்லாமல். கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு தமிழ்த் திரையில் உடம்பை வில்லாக வளைத்தபோது நம் தாத்தாக்கள் கைதட்டிய மேலைநாட்டு ஆட்டத்துக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு பங்கு உண்டு.

இவற்றில் எது தரம் என்று கேட்டால், பதக்கப் பட்டியலைவிட ஒரு பழைய போட்டி வகைதான் எனக்கு நம்பகமான அளவுகோல். ஜாக் அண்ட் ஜில் என்பது அதன் பெயர். ஆடுபவர்கள் தனித்தனியாகப் பெயர் கொடுப்பார்கள். இணை யார் என்பதைச் சீட்டு சொல்லும். பாட்டும் முன்கூட்டித் தெரியாது. ஒத்திகை பார்த்த சாகசம் அங்கே செல்லாது. முன்பின் தெரியாத ஒருவரின் கையில் மூன்று நிமிடம் செய்தி போய்ச்சேர்ந்ததா, பதில் வந்ததா என்பதுதான் கேள்வி. எங்கள் வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டியதும் இதற்குத்தான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தால், ஜோகெட் உயர்ந்து நிற்கிறது. மலாக்காப் போர்த்துகீசியரின் பிராஞோவோடு உறவுள்ள ஆட்டம். வயலின், ரெபானா, கோங். தாளம் இரண்டுக்கும் மூன்றுக்குமாக மாறி மாறி விழும். ஸ்விங் கேட்ட காதுக்கு உடனே பிடிபடும். இணைகள் தொடுவதில்லை. நெருங்கி, விலகி, சுற்றி, ஒருவரை ஒருவர் கண்ணாலேயே நடத்துகிறார்கள். இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் இடத்தில் அன்று பி.பி. பார்க் கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே சீட்டு வாங்கியவர் எவரும் ஜோகெட் மேடையேறலாம். எதிரே ஆடுபவள் அவருக்கு அந்நியள். அதுவும் ஒருவகை ஜாக் அண்ட் ஜில் அல்லவா! 1971 தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பிறகு ஜோகெட், ஸாப்பின், இனாங், அஸ்லி என்று வரிசைப்படுத்திப் பாடமாக்கினார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் சவுத்தி என்ற ஆசிரியர் இதே குடும்பத்து இணையாட்டத்தைப் பன்னிரண்டு அசைவுகளாகக் கட்டி, முதல் பார்வையில் தொடங்கித் திருமணத்தில் முடியும் செராம்பாங் துவா பெலாஸ் ஆக்கினார். வரிசைப்படுத்தியதால் ஆட்டம் பிழைத்தது. அந்நியரோடு ஆடும் பழக்கம் மேடை நிகழ்ச்சியில் கரைந்துபோனது.

தமிழருக்கு இருப்பது கோலாட்டம். ஆடுபவர் கை ஆடுபவர் கையைத் தொடாது, குச்சி குச்சியைத் தொடும். ஒரு தட்டு தன் குச்சியில், ஒரு தட்டு எதிராளி குச்சியில், ஒரு திருப்பம், எதிரே அடுத்த ஆள். பின்னல் கோலாட்டமானால் கயிறு பின்னி முடிந்ததும் அதே அடியில் பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருவர் தப்பினாலும் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். இதைவிடக் கறாரான தேர்வை ஆர்தர் மரேயாலும் வைத்திருக்க முடியாது. இலங்கையில் மட்டக்களப்புக்குப் போனால் இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கலாம்: தமிழர் கோலெடுத்து ஆடும் வசந்தன் கூத்து, போர்த்துகீசிய வழிவந்த பறங்கியர் இணையிணையாக ஆடும் கஃப்ரிஞ்ஞா.

மேனிங்கின் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். ஸ்விங் மங்கியதும் அவர் தபால் நிலைய வேலைக்குப் போனார். ஏறத்தாழ முப்பது வருடம் அங்கேயே இருந்தார். உடன் வேலை செய்த பலருக்கு அவர் யாரென்று தெரியாது. 1986இல் கலிஃபோர்னியாவிலிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைத் தேடி அழைத்தார்கள். முதலில் தயங்கியவர் பிறகு சொல்லித்தர ஒப்புக்கொண்டார். அதன்பின் 2009இல் இறக்கும்வரை அவர் ஓயவில்லை. அவர் பிறந்த மே 26ஐ இன்று உலக லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கோலாலம்பூரில் என் போன்றவர்கள் அந்த அடியைப் போட முடிவது அந்தத் தொலைபேசி அழைப்பாலும்தான்.

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது குவாசா டமான்சாரா எழுந்துகொண்டிருக்கிறது. பால்மரம் போய்விட்டது. அந்தத் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் திருவிழாவுக்குக் கோலாட்டம் ஆடிய அக்காமார்கள் இன்று தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். எத்தனை தட்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவது, வலம் போய் இடம் திரும்புவது எந்தச் சொல்லில், பின்னல் அவிழும்போது பாட்டு எங்கே தொடங்குவது என்பதெல்லாம் அவர்கள் கையிலும் காலிலும்தான் இருக்கிறது; எந்த ஏட்டிலும் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாருடைய அம்மாவோ அத்தையோ ஆடியிருந்தால், தயவுசெய்து இந்த மலர்க்குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள். குச்சிகளை நாங்கள் கொண்டுவருகிறோம். பெருவிரலை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்கள் சொல்லட்டும்.