சுத்தியல் தழும்பு

வெள்ளித் தகட்டை அடித்துக் கிண்ணமாக்குகிறவன் கடைசியில் செய்கிற காரியம், தான் அடித்த தடங்களை அழிப்பது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். உருவம் வந்தபின் முகம் மெருகிட்ட சுத்தியலால் நெருக்கித் தட்டி, முதல் அடிகளின் பள்ளங்களைச் சமன் செய்வான். பிறகு தேய்ப்பு, மெருகு. தழும்பு தெரிந்தால் வேலை முடியவில்லை என்றே நம் ஊர்ப் பத்தர்களும் சொல்வார்கள். இந்தத் தழும்பையே பெருமையோடு வெளியே காட்டலாம் என்ற எண்ணம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட தேசத்தில் எழுந்தது. அதன் கதி, இப்பக்கங்களில் எழுதுகிறவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல.

சி. ஆர். ஆஷ்பீ கட்டிடக் கலைஞர். வெள்ளி வேலை பயின்றவரல்ல. 1888-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் கைவினைச் சங்கமொன்றைத் தொடங்கினார். பட்டறையில் பழகிய வெள்ளிவேலைக்காரர்கள் ஆரம்பத்தில் அங்கு மிகக் குறைவு. செய்து பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தட்டான் செல்லினியின் தொழில் நூல்களை ஆஷ்பீயே 1898-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இவர்களுடைய சாமான்களில் சுத்தியல் தடங்கள் அப்படியே நின்றன. பின்னால் இருந்தது ரஸ்கின்: கரடுமுரடு, மனிதக் கை அங்கே இருந்ததற்குச் சாட்சி.

சாட்சி எவ்வளவு நாள் செல்லுபடியாயிற்று? 1899-இல் லண்டன் லிபர்ட்டி கடை 'கிம்ரிக்' என்ற பெயரில் வெள்ளிச் சாமான்களை இறக்கியது. பர்மிங்ஹாமில் பலவற்றை யந்திரத்தால் அச்சில் அடித்து, மேலே சுத்தியல் தழும்பையும் இட்டுக் கொடுத்தார்கள். விலை குறைவு, பார்வைக்கு அதே நேர்மை. அந்த டிசைன்களில் சில, குறிப்பாக ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் போட்டவை, நல்லவையும்கூட. இதுதான் சங்கடம். நேர்மைக்கு ஓர் அடையாளம் ஏற்பட்டவுடன் அந்த அடையாளத்தைத் தனியாகச் செய்து விற்க முடிகிறது. நம்மிடத்தில் கொச்சையும் முறிந்த வாக்கியமும் 'மண்ணின் உண்மை'க்கு அத்தாட்சியாக வந்து, பத்து வருஷத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்துக்கொள்ளலாம். போலி செய்தவனைத் திட்டுவதில் பயனில்லை. தழும்பைச் சாட்சியாக முன்வைத்தவனும் அதில் பாதிப் பொறுப்பாளி.

சங்கம் 1902-இல், குடும்பங்களோடு சுமார் 150 பேராக, சிப்பிங் காம்டன் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. 1908-க்குள் கடனில் மூழ்கிக் கலைந்தது. தோல்விக்குக் காரணம் தேடிய ஆஷ்பீ, அந்த 1908-இலேயே வெளியிட்ட புத்தகத்தில், யந்திரத்தோடு இன்னொருவரையும் கூண்டில் ஏற்றுகிறார்: வீட்டில் உட்கார்ந்து வெள்ளி வேலை செய்யும் சீமாட்டி. 'அன்புள்ள எமிலி' என்று கேலியாகப் பெயர் வைக்கிறார். அவளுக்கு வயிற்றுப்பாட்டுக் கவலையில்லை; வெள்ளியின் அடக்க விலை வந்தால் போதும். கூலியை நம்பிப் பிழைக்கிறவன் அந்த விலைக்குத் தர முடியாது.

இந்தக் குற்றச்சாட்டில் பொருளாதாரம் சரி. தொனி சரியில்லை. பயிற்சியில்லாமல் ஆசையால் இதில் இறங்கியவர்தான் ஆஷ்பீயும். அவரும் எமிலிதான், ஐம்பது பேருக்குக் கூலி கொடுக்கும் எமிலி. பெண்களுக்குத் தொழில் பட்டறைகளின் கதவு அநேகமாக மூடியிருந்த காலத்தில் அவள் வேறெங்கே போய் ஊதுகுழலைப் பிடிப்பாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் கேள்வி நம்மிடமும் வருகிறது. பாங்கிலோ சர்க்கார் ஆபீஸிலோ சம்பளம் வாங்கிக்கொண்டு, ராத்திரியில் கவிதை எழுதி, சன்மானமில்லாமல் தந்துவிடுகிற நாம் யார்? விலை போகாமல் இருக்கிறோம் என்று மார்தட்டுகிறோம். விலையே வேண்டாத நிலை நமக்கு வாய்த்திருப்பதைச் சொல்வதில்லை. எழுத்தையே நம்பி, கிடைத்த பத்திரிகைக்கெல்லாம் எழுதித் தேய்ந்தவர்களை நாம் எவ்வளவு சுலபமாக 'வியாபாரிகள்' என்று சொல்லி ஒதுக்கியிருக்கிறோம்!

காம்டனுக்குப் பக்கத்தில், ஆஷ்பீ புதுப்பித்துக் கொடுத்த வீட்டில், இலங்கைத் தமிழர் முத்துக் குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி இருந்தார். அவர் மனைவி எதெலின் சகோதரர் ஆஷ்பீயின் சங்கத்தில் நகை வேலை செய்தவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரும் நூலை, வில்லியம் மாரிஸ் உபயோகித்த அச்சு யந்திரத்தில், தன் மேற்பார்வையிலேயே 1907–08-இல் அச்சிட்டார், 425 பிரதிகள். (நம் எண்ணிக்கைதான்.) இந்தியக் கைவினைஞன் பற்றிய அவருடைய 1909 புத்தகத்துக்கு முன்னுரை ஆஷ்பீயுடையது. ஒருவர் தோற்ற இடத்தில் மற்றவர் விடை கண்டதாக நம்பினார்: கண்டியின் தட்டானுக்கு ஊழியத்துக்காக நிலம் உண்டு, குலத்தொழில் உண்டு, கையெழுத்துப் போடும் அரிப்பில்லை. உண்மை. அந்த நிலத்தோடு, வேறு வேலைக்குப் போக முடியாத கட்டும் சேர்ந்தே வந்தது. குமாரசாமி இதைக் காணாதவரல்ல. அதற்கு ஆன்மீகப் பெயர் கொடுத்துக் கடந்துவிடுகிறார் என்றே எனக்குப் படுகிறது. அவரை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் இந்த இடத்தில் அவரைவிட வேகமாகக் கடக்கிறார்கள்.

ஆஷ்பீயின் சாமான்களைப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கொள்கையையெல்லாம் கழித்த பிறகும் நிற்பவை 1900-ஐ ஒட்டிய கைப்பிடிக் கிண்ணங்கள். ஆழமில்லாத சாதாரணக் கிண்ணம். அதன் பக்கத்திலிருந்து வெள்ளிக் கம்பி கிளம்பி, விரலுக்குத் தேவையானதைவிட வெகு தூரம் வெளியே போய், பெரிய வளையமாகத் திரும்பி வந்து பொடி வைத்து ஊதின இடத்தில் சேருகிறது. தூக்குவதற்கு அத்தனை பெரிய வளைவு வேண்டியதில்லை. கிண்ணத்தில் தழும்பு இருக்கிறதா என்று இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் தேடினேன்.