நாடித் துடிப்பு 48: அட்ரோபின் எடுக்கும் கை

முதுகில் ஊசி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிசேரியன் மேஜையில் படுத்திருக்கும் பெண், "டாக்டர், ஒரு மாதிரி இருக்கு, வாந்தி வருது" என்கிறார். மானிட்டரின் ‘பீப்’ சத்தத்துக்கு இடையே இடைவெளி நீள்கிறது. 90 இருந்த பல்ஸ் 48. பிரஷர் கஃப் இப்போதுதான் காற்று ஏற்றத் தொடங்கியிருக்கிறது. கையோ துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் சிரிஞ்சுக்குப் போய்விட்டது.

அந்தக் கையில்தான் எனக்குச் சந்தேகம். 48-க்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு.

சிசேரியனுக்கு நான்காவது மார்பு நரம்பு வரை மரத்துப்போக வேண்டும். இதயத்தை விரட்டும் நரம்புகள் புறப்படுவதோ முதல் நான்கு மார்பு நரம்புகளிலிருந்து. மருந்து சற்று மேலே ஏறினால் அந்த விரட்டல் நின்றுபோகும். கூடவே ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் கால்களில் தேங்கும். நிரம்பாத இதயம் இன்னும் மெதுவாகும். பிரஷரும் பல்ஸும் சேர்ந்து விழுவது இதுதான். முதுகு ஊசிக்குப் பின் திடீரென இதயம் நின்ற, அதுவரை நலமாயிருந்த 14 பேரை அலசிய ஆய்வு 1988-இல் வெளியானது. இங்கே அட்ரோபின், எஃபெட்ரின், தேவைப்பட்டால் அட்ரினலின். எதற்கும் தயங்கக் கூடாது.

இன்னொரு 48 நாமே வரவழைப்பது. பிரஷர் விழாமலிருக்கக் கொடுக்கும் ஃபினைலெஃப்ரின் குழாய்களை இறுக்கும்; பிரஷர் ஏறியதும் இதயம் தானாகவே நிதானிக்கும். 2018-இன் சர்வதேசப் பரிந்துரை இம்மருந்தை முன்னிறுத்தியது நியாயமே. முன்பு கோலோச்சிய எஃபெட்ரின் நஞ்சுக்கொடி தாண்டிப் போய்க் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டியது. ஃபினைலெஃப்ரின் அப்படிச் செய்வதில்லை, தாய்க்குக் குமட்டலும் குறைவு. ஆனால் துடிப்போடு இதயம் வெளித்தள்ளும் ரத்தமும் குறைகிறது. அந்தக் குறைக்காகத்தான் ஹாங்காங் ஆய்வுக் குழு ஒன்று 2015-இல் நார்அட்ரினலினை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நார்அட்ரினலினில் துடிப்பு அவ்வளவாக விழவில்லை.

நம் ஊரில் சிக்கல் ஆம்பூலிலேயே தொடங்குகிறது. 1 மில்லியில் 10 மில்லிகிராம் ஃபினைலெஃப்ரின். ஒரு தடவைக்கு வேண்டியதோ 50 முதல் 100 மைக்ரோகிராம். 100 மில்லி சலைனில் கலந்து, லேபிள் ஒட்டி, பம்பில் ஏற்ற வேண்டும். நடு இரவில், ஒரே மயக்க மருந்து டாக்டர் இருக்கும் தியேட்டரில், கலப்பதில் தவறினால் பத்து மடங்கு போய்விடும். பிரஷரை ஏற்றும் பழைய மருந்தான மெஃபென்டெர்மின் இன்னும் விடைபெறாததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்; அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

பிரஷர் ஏறியிருக்கும்போது அட்ரோபின் போட்டால், இதயம் பிடித்திருந்த பிரேக்கையும் எடுத்துவிடுகிறோம். பிரஷர் இன்னும் எகிறும். பம்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் துடிப்பு மீளும். கஃப் காட்டும் எண் வரும்வரை ஒரு கேள்வி கேட்கலாம்: "எப்படிம்மா இருக்கு?" குமட்டலோ கிறுகிறுப்போ இருந்தால் பெரும்பாலும் பிரஷர் விழுந்திருக்கும். "நல்லாத்தான் இருக்கேன், குழந்தை வெளியே வந்தாச்சா?" என்று அவரே திருப்பிக் கேட்டால், கஃபும் 140 காட்டினால், அட்ரோபினைத் தட்டில் வைத்துவிட்டு பம்பை அணைக்கலாம்.