ராவணன் அணி எங்கே தோற்றது?

ஆனி மாதம் ராமேஸ்வரத்தில் மூன்று நாள் ராமலிங்கப் பிரதிஷ்டை விழா. முதல் நாள் திட்டகுடி சந்திப்பில் ராவண சம்ஹாரம். மறுநாள் தனுஷ்கோடி சாலையில் உள்ள கோதண்டராமர் கோயிலில் விபீஷணர் பட்டாபிஷேகம். மூன்றாம் நாள் லிங்கப் பிரதிஷ்டை. கபடியும் ஜல்லிக்கட்டும் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தைத்தான் நிதானமாக அலச முடியும். ஸ்கோர் போர்டைப் பார்த்துப் பதற வேண்டாம். நடுவரைத் திட்டவும் ஆள் இருக்காது.

தனி ஆட்டக்காரராக ராவணனுக்கு மார்க் போட்டால் தாராளமாகப் போடலாம். தேவர்களை ஏவல் செய்ய வைத்தவன், கயிலையை அசைத்தவன், சாமகானம் பாடியவன். நம்மூர் நடிகர்களுக்கும் அவன் மேல் ஒரு கண். 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில் டி.கே. பகவதி ராவணன். ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' என்று அவனையே நாயகனாக்கி ஊர் ஊராக நாடகம் போட்டார். ஆனால் தனி ஆளின் மார்க்கைக் கூட்டினால் அணியின் மார்க் வந்துவிடாது.

நம் கடற்கரை ஊர்த் திருவிழாக் கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர். பாடி வருகிறவனைப் பிடிக்க மூலையில் இருப்பவனும் பக்கத்தில் இருப்பவனும் கை கோத்து நிற்பார்கள். ஒரு கை நழுவினால் போதும், பாடி வந்தவன் அந்தச் சந்து வழியாகவே கோட்டைத் தொட்டுவிடுவான். ராவணன் பக்கம் நழுவிய கை விபீஷணன் என்றுதான் ஊர் சொல்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

கம்பன் கணக்குப்படி பார்த்தால் ராவணனுக்கு நல்ல புத்தி சொன்னவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் மாமன் மாரீசன். வேண்டாமப்பா என்று சொல்லிப் பார்த்தான். வெட்டுவேன் என்றான் மருமகன். இவன் கையில் சாவதைவிட ராமன் அம்பில் சாகலாம் என்று மானாகிப் போனான். கோச் தன் கருத்தைச் சொன்னார், கேப்டன் மிரட்டினான், கோச் வாயை மூடிக்கொண்டு களத்தில் இறங்கினார். மற்றதெல்லாம் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு.

இலங்கை மந்திராலோசனைக்கு வருவோம். கும்பகர்ணன் அங்கே பேசியதை இரண்டு பாதியாகப் படிக்க வேண்டும். முதல் பாதியில் அண்ணனை விளாசுகிறான்: அடுத்தவன் மனைவியைச் சிறை வைத்துக்கொண்டு மானம் பற்றிப் பேசுவதா? இரண்டாம் பாதியில், இப்போது விட்டாலும் கேவலம், அவர்கள் கடல் தாண்டி வருமுன் நாமே போய் அடிப்போம் என்று முடிக்கிறான். ராவணன் காதில் எந்தப் பாதி விழுந்திருக்கும்? டைம் அவுட்டில் இப்படிப் பேசுகிற சீனியர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பைச் சொல்லிவிட்ட திருப்தி அவர்களுக்கு, தப்பைத் தொடர அனுமதி கேப்டனுக்கு. அதே சபையில், நான் ஒருவனே போதும் என்று குதித்த இந்திரசித்தை, சின்னப் பையன் நீ, உனக்கென்ன தெரியும் என்று அடக்கியவன் விபீஷணன். இரணியன் கதையை நீட்டி முழக்கிச் சொல்லிப் பார்த்தவனும் அவன்தான். பதிலுக்குக் கிடைத்தது விரட்டு.

அவன் நாலு துணைவர்களோடு கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். அவன் சரணடைந்த இடம் என்றுதான் கோதண்டராமர் கோயிலைக் காட்டுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோதும் நின்ற கோயில். கருவறையில் ராமனோடு விபீஷணனும் இருக்கிறான்.

எதிரணிக்கு அவன் வந்ததால் கிடைத்த லாபம் சாதாரணமில்லை. கோட்டைக் காவல் முழுவதையும் ராமனிடம் விவரித்தான். குரங்கு வேடத்தில் நுழைந்த ராவணனின் ஒற்றர்களை அடையாளம் காட்டினான். நிகும்பலையில் இந்திரசித்து நடத்திய யாகத்தைக் கலைக்க வழி சொன்னவனும் அவனே. வீடியோ பார்த்து எதிராளியின் பலவீனத்தைப் பிடிக்கிற இன்றைய அனலிஸ்ட் வேலையை அப்போதே செய்திருக்கிறான். இன்னொரு வேடிக்கை: வால்மீகியில், லட்சுமணன் கடல் தண்ணீரை எடுத்து அவனுக்கு இலங்கை அரசனாக முடிசூட்டுவது போருக்கு முன்பே, கரையிலேயே நடந்துவிடுகிறது. டாஸ் போடுமுன் கோப்பையைக் கொடுத்த மாதிரி. விழாவில் மட்டும் சம்ஹாரம் முடிந்து மறுநாள்தான் பட்டாபிஷேகம்.

இவ்வளவு இருந்தும் ராவணனைக் கவிழ்த்தது போனவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கவிழ்த்தது இருந்தவர்கள். முதல் நாள் போரில் ஆயுதம் இழந்து, எதிராளியின் தயவில் வெறுங்கையோடு வீடு திரும்பினான் ராவணன். தாத்தா முறை மாலியவான் அப்போதும் எடுத்துச் சொன்னான். உடனே மகோதரன் குறுக்கே விழுந்து, கும்பகர்ணனை எழுப்பலாம் என்றான். எழுந்து வந்தவன் மறுபடி சொன்னான், சீதையை விட்டுவிடு, தம்பியோடு சேர்ந்துகொள் என்று. அண்ணன் சீறியதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சூலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனும் உட்கார்ந்துவிட்டிருந்தால்? நான் களம் இறங்க மாட்டேன் என்று இந்திரசித்தும் சொல்லியிருந்தால்? ராவணன் யோசிக்க வேண்டிய கட்டாயம் ஒருநாளாவது வந்திருக்கும். பாசக்காரர்கள் அந்த ஒரு நாளை அவனுக்குத் தரவே இல்லை. சோற்றுக்கடனைத் தீர்ப்பதாக நினைத்து ஒவ்வொருவரும் அவனுக்கு இன்னொரு நாள் பிடிவாதத்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைசியில் மகனே கேட்டான். யாகம் குலைந்து, ரத்தம் வடிய வந்து, சீதை மேல் வைத்த ஆசையை விடுங்கள் என்றான். ராவணன் சொன்ன பதில்தான் என்னைப் பொறுத்தவரை மொத்த ஆட்டத்தின் ரிப்ளே. செத்தவர்களையோ, இருக்கிறவர்களையோ, உன்னையோ நம்பி நான் இந்தப் பகையைத் தேடவில்லை, என்னை நம்பித்தான் தேடினேன் என்கிறான். கம்பீரமான வசனம். மேடையில் கைதட்டல் விழும். ஆனால் அத்தனை பேரையும் களத்தில் பலி கொடுத்த பிறகு, கடைசி ரெய்டுக்குப் போகிற மகன் முகத்தைப் பார்த்து ஒரு கேப்டன் சொல்கிற வார்த்தையா அது? மகன் போனான். திரும்பவில்லை.

காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் கம்பன் விழா தொடங்கியபோது அந்த ஊரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கும்பகர்ணனா, விபீஷணனா என்கிற வழக்கு பட்டிமன்றத்துக்கு அலுக்காத தலைப்பு. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கவலையில்லை. போர்க்களத்தில் அவர்கள் சந்திக்கிற காட்சி மட்டும் மனதை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கூப்பிட வந்த தம்பியைக் கும்பகர்ணன் திட்டவில்லை. நீ பிழைத்துப் போ, எங்களுக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒருவன் மிச்சம் வேண்டாமா என்கிறான்.

சம்ஹாரத்துக்கு மறுநாள் விடிகாலை அக்னி தீர்த்தத்தில் நின்றேன். முழங்கால் தண்ணீரில் வரிசையாக ஆட்கள். பக்கத்தில் நின்றவர் உள்ளங்கையில் ஒட்டிய எள்ளைக் கழுவிவிட்டு, கோதண்டராமர் கோயிலுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.