ரோலண்ட் ஆலனும் நமது சிற்றூர்ச் சபைகளும்: ஒரு மறு ஆய்வு

சிறிய சபைகள் இக்காலத்துக்கு ஏற்ற சாட்சியுடையனவாய் வாழ்வது எங்ஙனம் என்னும் வினா நமது திருமண்டலக் கூடுகைகளில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. அதற்குத் தரப்படும் விடைகள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியனவாகவே அமைகின்றன. ஆலயத்தைப் புதுப்பித்தல், ஒலிபெருக்கியும் ஒளித்திரையும் அமைத்தல், வாலிபரைக் கவரும் இசைக்குழு ஏற்படுத்துதல், ஆண்டுக்கொரு நற்செய்திக் கூட்டம் நடத்துதல் ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதனையும் நாம் இகழவில்லை. ஆயினும், 30 குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு சிற்றூர்ச் சபையின் உண்மையான குறை கருவிக் குறையா, ஊழியக் குறையா என்பதை முதலாவது தெளிந்துகொள்ள வேண்டும்.

இவ்வினாவை நூறாண்டுகளுக்கு முன்னரே கூர்மையாக எழுப்பிய நூல் ஒன்று உண்டு. 'அருட்பணி முறைகள்: தூய பவுலுடையவையா, நம்முடையவையா?' என்று பொருள்படும் தலைப்புடன் ரோலண்ட் ஆலன் 1912இல் வெளியிட்ட நூலே அது. இறையியல் மாணவர் பலர் அதனைப் பெயரளவில் அறிவர். நமது சிற்றூர்ச் சபைகளின் நிலையோடு பொருத்தி அதனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் அவர் வாதமும்

ஆலன் (1868-1947) இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. 1895இல் வட சீனாவுக்கு அருட்பணியாளராகச் சென்றார். 1900இல் பாக்ஸர் கலகத்தின்போது பீக்கிங் நகர முற்றுகைக்குள் அகப்பட்டிருந்தார். உடல்நலக் குறைவால் 1903இல் தாய்நாடு திரும்பி, ஓர் ஊர்ச் சபையின் பொறுப்பை ஏற்றார். திருச்சபை வாழ்வில் பற்றில்லாதோரின் குழந்தைகளுக்கும் வழக்கத்தின் பொருட்டுத் திருமுழுக்கு அளித்தாக வேண்டும் என்ற நிலையை ஏற்க மாட்டாமல், 1907இல் அப்பொறுப்பைத் துறந்தார். அருட்சாதனங்களை மலிவாக்கவும் கூடாது, அவற்றை உரியோருக்கு மறுக்கவும் கூடாது என்னும் உறுதி அவருடைய எழுத்து முழுவதிலும் ஊடாடுகின்றது.

அவருடைய வாதம் எளிமையானது. கி.பி. 47க்கும் 57க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் பவுல் கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா, ஆசியா என்னும் நான்கு மாகாணங்களில் திருச்சபையை நிறுவினார். அப்பகுதிகளில் தமக்கு இனி இடமில்லை என்று எழுதும் அளவுக்கு (ரோமர் 15:23) அப்பணி நிறைவெய்தியது. லீஸ்திரா, இக்கோனியா போன்ற ஊர்களில் அவர் சில மாதங்களே தங்கினார். ஆயினும் திரும்பி வந்தபோது சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்திச் சென்றார் (அப். 14:23). சுருக்கமான விசுவாசப் போதனை, திருமறை, இரு அருட்சாதனங்கள், உள்ளூர் ஊழியம் ஆகிய நான்கையும் ஒப்படைத்துவிட்டு, தூய ஆவியானவர்மீது நம்பிக்கை வைத்து அவர் விலகினார். தற்கால அருட்பணியோ நிலையம் கட்டுகின்றது, பணம் அனுப்புகின்றது, கண்காணிப்பாளரை அமர்த்துகின்றது, சபையைத் தலைமுறை தலைமுறையாய்ப் பயிற்சி நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றது. எப்போதோ வந்துபோகும் ஒரு குருவின் கையை எதிர்பார்த்தே திருவிருந்தில் பங்குபெறும் கூட்டம், திருச்சபைக்குரிய நிறைவை அடையாத கூட்டமே என்பது ஆலனின் முடிவு. 1927லும் 1930லும் வெளியிட்ட பிற்கால நூல்களில், தத்தம் தொழிலைச் செய்துகொண்டே குருத்துவப் பணியாற்றும் தன்னார்வக் குருமாரைத் திருச்சபை அபிஷேகம் செய்ய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே வாதாடினார்.

நம் வரலாற்றில் இவ்வினா

இவ்வினா நமக்குப் புதியதன்று. 1799இல் முதலூர் உருவான காலந்தொட்டே திருநெல்வேலிச் சபைகளை நாள்தோறும் தாங்கியவர்கள் உபதேசிமார். 1820 முதல் அங்குப் பணியாற்றிய ரேனியஸ் ஐயர் ஊர்தோறும் அவர்களை அமர்த்திச் சபைகளை வளர்த்தார். அவர்களுக்கு எவர், எம்முறைப்படி குருத்துவ அபிஷேகம் அளிப்பது என்ற வினாவே அவருக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் இடையே பிளவு உண்டாகக் காரணமாயிற்று. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஆலனின் நூல் வெளிவருவதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்னரே, சிற்றூர்ச் சபைக்கு நிறைவான ஊழியம் வேண்டும் என்ற தேவை நம் மண்ணில் ஒரு திருச்சபையையே உலுக்கியதென்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆலனின் நூல் வெளிவந்த அதே 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாளில் வே. ச. அசரியா பேராயராக அபிஷேகம் பெற்று, தோர்ணக்கல்லில் சிற்றூர் ஆசிரியர்களைக் கொண்டே சபைகளைக் கட்டியெழுப்பினார். 1947 முதல் மதுரை-இராமநாதபுரம் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகினும், பின்னர் 1978இல் வெளியிட்ட தம் அருட்பணி இறையியல் நூலில், ஆலனின் கருத்துகளைத் திருச்சபை வளர்ச்சியைப் பற்றிய விவாதத்தில் முதன்மையாக எடுத்தாண்டார்.

இன்றைய நிலை யாது? ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் இருக்க, குருவானவர் ஒருவரே இருக்கிறார். ஞாயிறு காலையில் அவர் ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு விரைகிறார். ஆராதனை முடிந்ததும், துக்கமுள்ள வீட்டில் அமர்ந்து பேசுதற்கும் அவருக்கு நேரமில்லை. உபதேசியாரோ மூப்பரோ சபையில் ஜெபம் நடத்துகிறார், பிரசங்கிக்கிறார், நோயுற்றோரைச் சந்திக்கிறார், நள்ளிரவில் மரண வீட்டுக்கும் செல்கிறார். ஆயினும் திருவிருந்தை நடத்தும் அதிகாரம் அவருக்கில்லை. சபையின் பாரமனைத்தையும் ஒருவர்மேல் சுமத்திவிட்டு, சபையை ஒரே உடலாக்கும் செயலை மட்டும் வேறொருவருக்கென ஒதுக்கி வைக்கும் இம்முறைக்கு இறையியல் அடிப்படை யாது? இவ்விடத்தில் ஆலனின் குற்றச்சாட்டுக்கு நம்மிடம் விடையில்லை.

அவர் எதிர்பாராத ஒரு திருப்பமும் நிகழ்ந்துள்ளது. அவர் காலத்தில் பணம் வெளியிலிருந்து சபைக்குள் வந்தது. அது சபையைச் சார்பு நிலையில் வைத்தது. இன்றோ சிற்றூர்ச் சபை தன் காணிக்கையிலிருந்து சேகரத்துக்கும் திருமண்டலத்துக்கும் பங்கு செலுத்துகின்றது. பொருளில் தன்னாதரவு வந்துவிட்டது. ஊழியத்தில் சார்பு மட்டும் நீங்கவில்லை. கொடுக்கும் கடமையில் முதிர்ந்ததாகக் கருதப்படும் சபை, ஊழியத்தை ஏற்பதில் மட்டும் இன்னும் குழந்தையாகக் கருதப்படுகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஆலயங்கள் மூடப்பட்டபோது, இந்நிலை எல்லார் கண்ணுக்கும் வெளிப்பட்டது. நகரப் பேராலயங்களின் ஆராதனைகள் கைபேசி வழியாகச் சிற்றூர் வீடுகளுக்குள் வந்தன. நல்ல பிரசங்கங்கள் கேட்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலையிழந்து ஊர் திரும்பியவனின் வீட்டில் அரிசி உண்டா என்று கேட்டவர் அப்பிரசங்கியார் அல்லர். அடுத்த தெருவில் வாழ்ந்த மூப்பரோ, பெண்கள் ஐக்கியச் சகோதரியோதான். காலத்துக்கு ஏற்ற ஊழியம் எதுவென்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆலனின் குறைபாடுகள்

எனினும் ஆலனை அப்படியே ஏற்பது நமக்கு இயலாது. மூன்று குறைகளை நாம் சுட்ட வேண்டும்.

முதலாவது, பவுல் ஏற்படுத்திய மூப்பர்களுள் பலர் ஜெபஆலயத்தில் பயின்றவர்கள். அல்லது அதனைச் சார்ந்து, ஒரே கடவுளையும் திருமறையையும் முன்னரே அறிந்தவர்கள். இத்தடையை ஆலன் அறியாதவர் அல்லர்; புறவினத்தார் சபைகளின் ஒழுக்கச் சூழ்நிலையைக் காட்டி அதற்கு மறுமொழி கூற முயல்கின்றார். ஆயினும் சில மாதப் போதனை போதும் என்ற முடிவு, பல நூற்றாண்டுகள் அம்மக்கள் பெற்ற ஆயத்தத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றது. மேலும் பவுல் விலகினாரேயன்றிக் கைவிடவில்லை. நிருபங்கள் எழுதினார், தீமோத்தேயுவையும் தீத்துவையும் அனுப்பினார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தின் வழியாகச் சபைகளை ஒன்றோடொன்று பிணைத்தார் (2 கொரி. 8, 9). தன்னாதரவு என்ற பெயரால் நலிந்த சபைகளைக் கைகழுவ விரும்புவோர் ஆலனைத் துணைக்கு அழைக்கலாம். பவுலை அழைக்க இயலாது.

இரண்டாவது, அதிகாரத்தைப் பற்றியது. ஆலன் சபையை ஒரே மனமுள்ள குழுவாகவே பெரிதும் காண்கின்றார். நமது சிற்றூர்கள் அத்தகையன அல்ல. சாதியும் நிலவுடைமையும் குடும்பப் பெருமையும் ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளூர் மூப்பருக்குக் குருத்துவம் அளித்தால், அது செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடும் என்று அஞ்சுவோரின் அச்சம் வெற்றச்சம் அன்று. கொரிந்துச் சபையில் வசதியுள்ளோர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர் (1 கொரி. 11). அதுவும் உள்ளூர் மக்களே நடத்திய பந்திதான். வெளியூரிலிருந்து வரும் குருவானவர் சில வேளைகளில் எளியோருக்கு ஒரே பாதுகாப்பாய் இருக்கிறார் என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆலன் ஊழியத்தின் அமைப்பைப் பேசிய அளவுக்கு வழிபாட்டின் மொழியைப் பேசவில்லை. இக்குறையை நிறைவு செய்பவர் நம்மிடையே வாழ்ந்தவரே. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை' என்னும் பெயரால் பலராலும் அறியப்பட்டவர். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளைப் பாடப் பயிற்சி பெற்றோர் வேண்டும். நாட்டுப்புறப் பாடலையோ உழைக்கும் மக்கள் தாமே பாடி, தம் தேவைக்கேற்ப மாற்றி, மீண்டும் படைத்துக்கொள்ளக் கூடும் என்பது அவருடைய கருத்து. அதற்கேற்பவே அவர் கிராமிய இசை வழிபாட்டை உருவாக்கினார். தாழ்த்தப்பட்டோரின் இசையென்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லாரும் 'ஒரே உலையில்' பொங்கி உண்ணும் வாழ்வை நற்செய்தியின் உருவமாகக் காட்டினார். ஊழியத்தை உள்ளூரார் கையில் கொடுங்கள் என்றார் ஆலன். வழிபாட்டை அவர்கள் நாவில் கொடுங்கள் என்றார் அப்பாவு. பின்னதின்றி முன்னது நிறைவேறாது. தமக்கு அந்நியமான மொழியில் ஆராதனை நடத்தும் உள்ளூர்க் குரு, வெளியூர்க் குருவின் நிழலாகவே நின்றுவிடுவார்.

தென்மாவட்டச் சபைகளில் நிகழும் அசனப் பண்டிகையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். சென்னையிலும் வெளிநாடுகளிலும் பிழைக்கச் சென்றோர் அந்நாளில் ஊர் திரும்புகின்றனர்; ஆலயம் நிரம்புகின்றது; ஒரே சமையலில் யாவரும் உண்கின்றனர். மறு ஞாயிறு முதியோர் சிலரே அமர்ந்திருக்கின்றனர். இதனை வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிடலாகாது. பொதுப்பந்தியின் ஆற்றலைச் சிற்றூர்ச் சபை இன்றும் அறிந்திருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஆண்டுக்கொருமுறை இலையில் கிடைக்கும் ஒருமை, வாரந்தோறும் ஆண்டவரின் பந்தியில் ஏன் கிடைக்கலாகாது என்பதே வினா.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. சபையின் நன்மதிப்பைப் பெற்ற உபதேசிமாரையும் மூப்பரையும், ஆண் பெண் வேறுபாடின்றிச் சோதித்தறிந்து, அவர்தம் ஊருக்கென்றே குருத்துவ அபிஷேகம் அளித்தல் வேண்டும். கௌரவக் குருமார் முறை நாம் அறியாததன்று. அதனை நகரச் சபைகளுக்குத் துணையாக மட்டும் அன்றி, சிற்றூர்ச் சபைகளின் உரிமையாகவும் கொள்ள வேண்டும். எவ்வூரிலும் ஒருவரை மட்டும் தனித்து ஏற்படுத்தலாகாது. பவுல் ஏற்படுத்தியது ஒரு மூப்பரை அன்று, மூப்பர்களை. அக்குழுவில் நிலமற்றோரும் பெண்களும் இடம்பெறுவது, மேற்கூறிய அதிகார ஆபத்துக்குத் தக்க தடையாகும்.

இம்முறையால் இரண்டாந்தரக் குருத்துவம் ஒன்று தோன்றாதா என்று வினவப்படலாம். தோன்றக்கூடும். ஊதியமும் பட்டமும் பெற்ற குருமாரை நகரம் வைத்துக்கொண்டு, ஊதியமில்லாதவரைச் சிற்றூருக்குத் தருமாயின் அது சீர்திருத்தமன்று, அநீதி. ஆகவே இறையியற் பயிற்சி பெற்ற குருவானவரின் பணியும் மாறுதல் வேண்டும். பல பீடங்களுக்கு விரையும் பணியை விட்டு, ஊர்தோறும் தங்கி உள்ளூர் ஊழியரைக் கற்பிப்பவராகவும், எளியோரின் முறையீட்டைக் கேட்பவராகவும் அவர் விளங்க வேண்டும். தீமோத்தேயுவின் பணி அதுவே.

இறையியல் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. 1963இல் குவாத்தமாலா நாட்டில் பிரஸ்பித்தேரியன் குருமடம் ஒன்று, மாணவரைத் தன்னிடம் அழைப்பதை விட்டுத் தானே அவர்கள் ஊருக்குச் சென்றது. அவ்விரிவுக் கல்வி முறை 1971இல் பெங்களூரில் ஓர் அமைப்பாகவும் உருப்பெற்றது. ஆயினும் தேர்வுத்தாளும் ஆங்கில நூலும் கொண்ட கல்வி சிற்றூர் மூப்பருக்குப் போதாது; பொருந்தவும் பொருந்தாது. கேட்டும் பாடியும் பேசியும் கற்கும் முறையொன்றை நாம் வகுக்க வேண்டும். அங்குக் கற்பிக்கச் செல்வோர் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

ஆலனின் நூலை வாசித்துப் பாராட்டுவது எளிது. அவர் கேட்டதைக் கொடுப்பது கடினம். ஏனெனில் அவர் நம்மிடம் கேட்பது புதிய திட்டமன்று, நம் கையிலிருக்கும் அதிகாரம். சிற்றூர்ச் சபைக்கு அடுத்த சேகர மன்றக் கூட்டத்தில் என்ன கருவி வாங்கித் தரலாம் என்று நாம் கேட்குமுன், திருவிருந்தின் அப்பத்தைப் பிட்கும் உரிமையை அவ்வூரில் எவருக்குக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம் என்று கேட்போமாக.