தனியறைக்கு ஒரு பேஸ்

வயலினுக்கு ஒரு ஸ்ட்ராடிவாரி உண்டென்றால் பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? ஆர்டர் கொடுத்துக் கையால் செய்த பேஸ்களை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியூயார்க்கின் ஃபோடெரா, கலிஃபோர்னியாவின் அலெம்பிக், கனடாவின் டிங்வால் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். தொழிற்சாலைக் கருவி கற்றுக்கொள்ள மட்டுமே, கை தேர்ந்தவனுக்கு அவனுக்கென்றே செய்த கருவிதான் தகும் என்பது வாதம். பத்தாயிரம் டாலரைத் தாண்டி விலை கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கும் பொருளுக்கு ஒரு நியாயம் தேவைப்படத்தான் செய்யும். அந்த நியாயத்தைப் போய் ஒலியில் தேடுகிறார்கள். அங்கேதான் எனக்கு நெடுநாளாகத் தகராறு.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1951இல் வந்த பிரெசிஷன் பேஸ், ரேடியோ பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்த லியோ ஃபெண்டர் மலிவாகவும் வேகமாகவும் செய்து குவிப்பதற்கு வகுத்த வடிவம். 34 அங்குலத் தந்தி நீளம், நான்கு தந்திகள், திருகாணியால் முடுக்கிய கழுத்து. அந்த வடிவத்துக்குக் குறைகள் உண்டு. மெல்லிய ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை ஒட்டிய சுரங்கள் பல கருவிகளில் பிறந்தவுடனே செத்துப்போகும். அந்த அதிர்வெண்ணில் கழுத்தும் சேர்ந்து ஆடித் தந்தியின் ஆற்றலைக் குடித்துவிடுவதால் வரும் கோளாறு அது. 1970களில் ஜெஃப் கூல்ட் அலெம்பிக்காரர்களோடு சேர்ந்து கொண்டுவந்த கிராஃபைட் கழுத்து அதற்கு நல்ல மருந்து. ஐந்தாவது தந்தி சேர்ந்து கருவி கீழ் பி வரை இறங்கியபோது, 34 அங்குலத்தில் அந்தத் தந்தி தொளதொளத்தது. டிங்வால் விசிறிபோல் விரியும் ஃப்ரெட்டுகளைப் பதித்து, தடித்த தந்திக்கு 37 அங்குலமும் மெல்லியதற்கு 34 அங்குலமும் கொடுத்தார். மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பொருத்தியதும் இந்தக் கணக்கில்தான் வரும். வாசிப்பவர் ஒரு குறையோடு வந்தார், செய்பவர் தீர்த்து அனுப்பினார். முதுகுவலிக்காரருக்கு எடை குறைந்த உடலும் சின்னக் கைக்கு மெல்லிய கழுத்தும் செய்து தருகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

அழகையும் ஒப்புக்கொள்கிறேன். அலையலையாகச் சுழியோடிய மேப்பிள், வெங்கே, கோகோபோலோ, நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி என்று மரங்களை இழைத்து ஒட்டியிருக்கும் நேர்த்திக்குக் காசு கொடுக்கலாம். அழகுக்காக வாங்கினேன் என்று சொன்னால் வம்பே இல்லை. ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. மரம் பாடுகிறது என்கிறார்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணையை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. வீணையில் குடம் அதிர்கிறது, உள்ளிருக்கும் காற்று அதிர்கிறது, காதில் விழுவதே அந்த அதிர்வுதான். திண்ணுடல் பேஸில் தந்திக்குக் கீழே பிக்கப் என்ற பெயரில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உட்கார்ந்து, எஃகுத் தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றுகின்றன. மரத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கழுத்து எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்ற வழியில் வருவது. கண்ணைப் பறிக்கும் மேல்பலகையோ பல கருவிகளில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒட்டிய தோல். உள்ளே குடைவான சாதாரண கிட்டாரிலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். முதுகு, பக்கப் பலகைகளின் மரம் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களை 52 பேரிடம், பார்க்க முடியாதபடி செய்து, வாசிக்கக் கொடுத்தார்கள். விலையுயர்ந்த மரத்தை அவர்களால் உயர்ந்ததென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு. திண்ணுடலில் ஒட்டிய தோலைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. மரச் சண்டை சலித்துப்போன சண்டை, விட்டுவிடுவோம்.

என் மறுப்பு வேறு. இந்தக் கருவிகள் தனியாகக் கேட்டு மதிக்கப்படுகின்றன. பேஸோ தனியாக வாசிக்கும் கருவி அன்று.

எப்படி ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை தந்தி, எந்த மரம், எந்த பிக்கப், எத்தனை வோல்ட் ப்ரீஆம்ப், குமிழ்கள் என்ன நிறம் என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிறைய. எந்த மாதிரி டிரம்மரோடு வாசிக்கிறீர்கள், பாடகர் ஆணா பெண்ணா, குழுவில் கீபோர்டு உண்டா என்று கேட்பவர் அரிது. கருவி வந்து சேர்ந்ததும் முதல் சோதனை வீட்டு அறையில், பெரும்பாலும் ஹெட்ஃபோனில். பிறருக்குக் காட்டும்போதும் அப்படியே. டிரம்ஸ் இல்லை, குரல் இல்லை, கழுத்தின் உச்சியில் நான்கு ஸ்வரக்கூட்டு, கொஞ்சம் கட்டைவிரல் அடி, கடைசியில் ஒரு நீண்ட சுரம், அது அடங்கும்வரை மௌனம். பிறகு புகழ்ச்சி. தெளிவு, சீரான தந்திகள், முடிவில்லாத கார்வை. எல்லாவற்றுக்கும் மேலான பாராட்டு, பியானோ மாதிரி ஒலிக்கிறது என்பது. குழுவில் பியானோ ஏற்கெனவே இருக்கிறது, ஐயா.

ஒரு பாட்டுக்குள் பேஸ் என்ன ஆகிறது? திறந்த ஈ தந்தியின் அடிச்சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். டீக்கடை ரேடியோவும் கைப்பேசியும் அந்தச் சுரத்தைத் தருவதே இல்லை. அதன் மேல்சுரங்களைக் கேட்டுக் காது அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. ஆகவே பேஸ் என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு நடுப்பகுதி ஒலி. அந்த நடுப்பகுதியிலேதான் பாடகரின் குரல், கிட்டார், கீபோர்டு எல்லாம் குடியிருக்கின்றன. அடியில் கிக் டிரம் இடம் பிடித்திருக்கிறது. இந்த நெரிசலில் பேஸ் தனக்கென்று ஒரு சிறு இடம் பார்த்து உட்கார வேண்டும். உச்சி முதல் அடிவரை எல்லாம் துல்லியமாகத் தரும் கருவி, கூட்டத்தில் கையைக் காலை நீட்டி உட்காருகிற ஆள். ஒலிப்பதிவாளர் என்ன செய்வார்? விரல் உரசும் உச்சியைக் குரலுக்காக வெட்டுவார், அடிவயிற்று உறுமலைக் கிக்குக்காக வெட்டுவார். மிஞ்சுவது ஒரு பழைய பிரெசிஷன் எந்தக் குமிழையும் திருகாமல் தரும் ஒலிக்கு வெகு அருகில் நிற்கும்.

டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்வோம். கையில் 1962ஆம் ஆண்டு பிரெசிஷன், தொழிற்சாலையில் செய்தது. தட்டைச் சுற்றுத் தந்திகள், அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பாலத்து மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சு, கார்வையை அமுக்க. தந்திகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் நின்றன. சுண்டுவதற்கு வலது கையின் ஒற்றைச் சுட்டுவிரல். இன்று ஆர்டர் கொடுக்கும் ஒருவருக்குக் கருவி இந்த நிலையில் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புவார். பிரகாசம் போச்சு, கார்வை போச்சு, தந்தி கைக்கு வசமில்லை. ஜேமர்சன் வேண்டுமென்றே குறைத்தவை இவையெல்லாம். அந்த ஒலி வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போன்றது. அதனால்தான் பாடகரின் மூச்சுக்கு நடுவே அவரால் அத்தனை சுரங்களைத் திணிக்க முடிந்தது. அதே ஓட்டத்தைப் பியானோ போன்ற தெளிவோடு வாசித்திருந்தால் பாட்டு மூழ்கியிருக்கும். அந்தக் கருவி 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு திருடுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. பதிவுகளைக் கேட்கிறவருக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னர், குடைவான உடல், சிறிய தந்தி நீளம், கார்வை கொஞ்சம்தான். விலை கட்டுப்படியானதாலும், இருபுறமும் ஒத்த வடிவம் என்பதால் இடதுகைக்காரர் மாட்டிக்கொண்டாலும் கோணலாகத் தெரியாது என்பதாலும் வாங்கியது. 1972இல் திருடுபோன அது திரும்பக் கிடைத்ததை 2024இல் உலகமே செய்தியாகப் போட்டது. ஜாகோ பஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸிலிருந்த ஃப்ரெட்டுகளை நீக்கி, படகுக்குப் பூசும் எபாக்சியைத் தானே பூசிக்கொண்டார். அதுவும் ஒருவகையில் கைவினைதான். ஆனால் மேடையில் வேர்வை சிந்திய பிறகு செய்த கைவினை.

நமக்கு இது புதிதில்லை. 1980களின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டு போல ஓடுவதைப் பாடிக் காட்டத் தமிழ்நாட்டில் ஆயிரம் பேர் உண்டு. பல்லவியை விட்டுவிட்டு பேஸை மட்டும் முணுமுணுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கிட்டார் என்ன மரம் என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. வயலின் கூட்டத்துக்கும் தபலாவுக்கும் நடுவே அது எங்கே நிற்கிறது, எப்போது விலகுகிறது என்பதில்தான் அவர்கள் காது இருந்தது. பேஸை ரசிப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பேன்.

ஸ்டான்லி கிளார்க்கையும் விக்டர் வூட்டனையும் ஆண்டனி ஜாக்சனையும் மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. கிளார்க் அலெம்பிக்கை எடுத்துக்கொண்டு பேஸைக் குழுவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். 1976இன் ‘ஸ்கூல் டேய்ஸ்’ தொகுப்பில் அது கதாநாயகன். கதாநாயகனுக்கு வெளிச்சம் தேவை, அலெம்பிக் கொடுத்தது. வூட்டன் 1983இலிருந்து ஃபோடெரா வாசிக்கிறார். 1996இல் வந்த அவருடைய முதல் தனித்தொகுப்பில் பேஸும் இடையிடையே சில குரல்களும் தவிர வேறெதுவும் அனேகமாக இல்லை. இவர்கள் எனக்கு எதிரான சாட்சிகள் அல்லர். தனியே நிற்கிறவருக்குத் தனியே ஒலிக்கும் கருவி பொருந்துகிறது என்பதைத்தானே நானும் சொல்கிறேன்? எல்லா பேஸ் வாசிப்பவர்களும் விக்டர் வூட்டன் அல்லர், பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடகருக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்கள்.

ஜாக்சன்தான் கடினமான கேஸ். கிட்டார் குடும்பத்தில் தாழ்ந்த குரல்காரனுக்கு மட்டும் ஏன் நான்கு தந்தி என்று கேட்டு, 1975இல் கார்ல் தாம்சனிடம் முதல் ஆறு தந்தி பேஸைச் செய்வித்தார். பிறகு ஃபோடெராவோடு சேர்ந்து அதை ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே போனார். அவர் பக்கவாத்தியக் கலைஞர், குழுவுக்குள் வாசித்தவர். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பெயரை முதலில் ஊரறியச் செய்த ‘ஃபார் தி லவ் ஆஃப் மனி’, ஓ’ஜேஸ் குழுவுக்காக 1973இல் வாசித்தது, ஆறு தந்தி பிறப்பதற்கு முந்தையது. கஞ்சத்தனமான வாதம் என்று தோன்றினால் தோன்றட்டும். ஜாக்சனின் கோரிக்கை வாசிப்பிலிருந்து வந்தது. நான் பார்க்கும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை இன்னொருவர் கருவியின் புகைப்படத்திலிருந்து வருகின்றன. ஜாக்சனுக்காகச் செய்த ஆறு தந்தியை, மேலிரண்டு தந்தியையும் தொடாமலே வாழ்ந்துவிடப்போகிற ஒருவர் தோளில் மாட்டிக்கொள்வதை அவர் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

தனியறையில் மதிக்கப்பட்ட கருவி தனியறையிலேயே தங்கிவிடுகிறது. குழுவில் எடுபடவில்லை என்றதும் குறை கருவியில்தான் என்று முடிவு கட்டி அடுத்ததற்கு ஆர்டர் போகிறது. இம்முறை வேறு மரம், வேறு பிக்கப். பாதிக் கருவிகள் பெட்டியில் தூங்குகின்றன. கூட்டிப் பார்த்தால் ஒரு டிரம்மரை வருடம் முழுக்க வாரம் ஒருநாள் ஒத்திகைக்கு அழைத்துச் சம்பளம் கொடுத்திருக்கலாம். பிறகு விற்பனைக்கு வரும்போது, ஒருவர் கைக்கென்றே அளந்து செய்தது இன்னொருவருக்கு ஒவ்வாது என்ற சங்கடம் தொடங்குகிறது. அப்போது விலை இறங்காமல் இருக்க விளம்பரத்தில் சேர்க்கும் வாசகங்களில் ஒன்று, கருவி ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை என்பது. மேலே ஒரு கீறல்கூடக் கிடையாது என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.